ஊரில் ஊட்டச்சத்துப் பணி: புதிதாக இறங்குகிறவர்கள் எங்கே தொடங்குவது?

அங்கன்வாடி இருக்கிறது, பள்ளியில் சத்துணவு இருக்கிறது, ரேஷனில் அரிசி இலவசம். அப்புறம் ஏன் தமிழ்நாட்டில் இன்னும் மெலிந்த குழந்தைகள்? மகளிர் குழு வழியாகவோ, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம் வழியாகவோ, தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தோ இந்தப் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி.

5-வது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 14.6 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு. அதே ஆய்வு, மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன என்றும் சொல்கிறது. ஆக, பிரசவத்துக்கு வரும் தாயை அரசு அமைப்பு கிட்டத்தட்ட முழுமையாகப் பிடித்துவிடுகிறது. அவள் குழந்தையோடு வீட்டுக்குப் போன பிறகுதான் கை நழுவுகிறது. குறிப்பாக 6 மாதத்திலிருந்து 2 வயது வரை.

அதனால் சாப்பாட்டுப் பொட்டலம் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: எந்தக் குழந்தைக்கு எந்த மாதத்தில் எடை நின்றுபோனது என்று கண்டுபிடிப்பது. கீழே வரும் எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

1. அங்கன்வாடியிலிருந்து தொடங்குங்கள்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் நாட்டில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. உங்கள் ஊரில், அல்லது பக்கத்துத் தெருவில், ஒன்று நிச்சயம் இருக்கும். வயதானவர்கள் இன்னும் 'பால்வாடி' என்றுதான் சொல்வார்கள். அப்படிக் கேட்டால்தான் வழியும் காட்டுவார்கள்.

அங்கே இரண்டு பேர்: அங்கன்வாடிப் பணியாளர் (ஊருக்கு 'டீச்சர்'), உதவியாளர் ('ஆயா'). இவர்களோடு துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியர், அதாவது நர்சம்மா. இந்த மூன்று பேரும் சேர்ந்தால் ஊரில் யார் கர்ப்பம், யாருக்குக் கைக்குழந்தை, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எல்லாம் தெரியும். மையத்துக்கு மேலே வட்டாரத்தில் மேற்பார்வையாளரும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரும் இருக்கிறார்கள். நீங்கள் ஓர் அமைப்பின் சார்பில் வந்தால் முதலில் அலுவலரைப் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். பிறகு ஊருக்குள் போனால் டீச்சருக்கும் சங்கடம் இல்லை.

ஆய்வுக்கு வந்தவர்போல நடந்துகொள்ளாதீர்கள். ஒரு டீச்சர் சமையலைப் பார்க்க வேண்டும், பாட்டு, கதை சொல்லிக் கொடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், அதே விவரத்தைப் போஷன் டிராக்கர் செயலியிலும் ஏற்ற வேண்டும். பல இடங்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் இவர்கள் தலையில்தான். "டீச்சர், எடை எடுக்கிற அன்னைக்கு நான் கூட இருந்து எழுதித் தரட்டுமா?" என்று கேட்டால், அநேகமாக மறுக்க மாட்டார்கள். முதல் மாதம் அதை மட்டும் செய்தாலே போதும்.

இப்படி எடையைப் பார்த்து வேலை செய்யும் வழி நம் ஊரிலேயே ஒரு முறை செய்து பார்க்கப்பட்டதுதான். 1980-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில், உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை பார்ப்பார்கள். எல்லாருக்கும் உணவு கொடுக்காமல், எடை கூடாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் சத்து உருண்டை. எடை தேறியதும் நிறுத்திவிடுவார்கள். தட்டில் போடுவதைவிடத் தராசைப் பார்ப்பது முக்கியம் என்று அந்தத் திட்டத்தை வடிவமைத்தவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. இன்றைக்கும் இதைவிடத் தெளிவான அணுகுமுறையை நான் பார்த்ததில்லை.

2. பட்டியலில் இல்லாதவர்களைத் தேடுங்கள்

டீச்சரிடம் இருக்கும் பட்டியலை ஒரு நோட்டில் நான்கு பிரிவாக எழுதிக்கொள்ளுங்கள்: கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 6 மாதம் முதல் 3 வயது, 3 முதல் 6 வயது. அப்புறம் தெருத் தெருவாக நடந்து, இதில் பெயர் இல்லாத வீடுகளைக் குறியுங்கள். உண்மையான வேலை அங்கேதான்.

யாரெல்லாம் விடுபடுகிறார்கள்? முதலாவது, தாய்வீட்டுக்குப் போனவர்கள். வளைகாப்பு முடிந்து 7-ஆம் மாதமோ 9-ஆம் மாதமோ அம்மா வீட்டுக்குப் போகும் பெண், குழந்தைக்கு மூன்று ஐந்து மாதம் ஆன பிறகுதான் திரும்புவாள். புகுந்த ஊர் அங்கன்வாடியில் "ஊரில் இல்லை" என்று இருக்கும். பிறந்த ஊர் அங்கன்வாடியில் "நம்ம கணக்கு இல்லை" என்பார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களும் தாய்ப்பாலின் முதல் மாதங்களும் இப்படி இரண்டு பட்டியலுக்கும் நடுவில் போய்விடும். தாய்வீடு எந்த ஊர், அங்கே அங்கன்வாடி டீச்சர் யார், போன் நம்பர் என்ன என்று முன்கூட்டியே வாங்கி, இரண்டு டீச்சர்களையும் போனில் பேச வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, வேலைக்காக இடம் மாறுகிறவர்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கம் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருளர் குடும்பங்கள் பல உண்டு. திருவள்ளூர்ச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். விடியற்காலையிலேயே கல் அறுக்கும் வேலை தொடங்கிவிடும், குழந்தை மண்மேட்டில் இருக்கும். இவர்களுடைய பெயர் சொந்த ஊர்ப் பட்டியலில் இருக்கலாம். சாப்பாடு அங்கே, குழந்தை இங்கே. போஷன் டிராக்கரில் பதிவாகியிருந்தால் போகும் இடத்து மையத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, டீச்சரிடம் கேளுங்கள். பதிவே இல்லையென்றால் புதிதாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வெட்கத்தாலோ பயத்தாலோ ஒளிந்திருப்பவர்கள். 18 வயதுக்குள் கல்யாணமாகி மாசமாக இருக்கும் பெண், கணவன் விட்டுப்போனவள், சாதியின் பெயரால் மையத்துக்கு வரத் தயங்குகிறவர்கள். இவர்கள் வீட்டுக்கு நர்சம்மாவோடு சேர்ந்து போங்கள், தனியாகப் போய் விசாரிக்காதீர்கள். மாத்திரையும் சாப்பாடும் முதலில் போய்ச் சேரட்டும்.

கர்ப்பமான பெண் யாராக இருந்தாலும் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் தரும் எண்) இருக்கிறதா என்று பாருங்கள். 12 இலக்க எண் அது. பேறுகால உதவித்தொகைக்கும், பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும்.

3. அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். குள்ளமாகவே வளரும் குழந்தை அளவாகத் தெரியும். நோஞ்சான் குழந்தைகள் நிறைந்த தெருவில் சுமார் நோஞ்சான் நல்ல குழந்தையாகத் தெரியும்.

முதலில் வயது. தாய்சேய் நல அட்டையிலிருந்து பிறந்த தேதியை எடுங்கள். "ஆடி வந்தா ரெண்டு" என்ற கணக்கு வளர்ச்சி அட்டைக்கு ஆகாது. இரண்டு மாதம் பிசகினால்கூட, பச்சையில் இருக்க வேண்டிய குழந்தை மஞ்சளுக்குப் போய்விடும்.

எடை: தராசைச் சமதளத்தில் வைத்து, முள் அல்லது எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். குழந்தைக்குக் கனமான துணி, கொலுசு, அரைஞாண், செருப்பு எல்லாம் கழற்ற வேண்டும். அரைஞாண் கயிற்றைக் கழற்றச் சில பாட்டிகள் சம்மதிக்க மாட்டார்கள். சரி, விட்டுவிடுங்கள், ஒவ்வொரு மாதமும் அதே கயிற்றோடு எடுத்தால் போதும். உயரம்: 2 வயதுக்குக் கீழே படுக்க வைத்து நீளம், மேலே என்றால் நிற்க வைத்து உயரம். இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் முழங்காலை நீட்டிப் பாதத்தை ஒட்ட வைக்க.

வளர்ச்சி அட்டை பையனுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு. பச்சைப் பட்டையில் இருந்தால் வயதுக்கேற்ற எடை, மஞ்சள் என்றால் குறைவு, ஆரஞ்சு என்றால் மிகக் குறைவு. ஆனால் எந்த நிறத்தில் புள்ளி விழுந்தது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு போடுங்கள். மேலே ஏறுகிறதா, படுத்துவிட்டதா, இறங்குகிறதா? பச்சையிலேயே இருந்தாலும் இரண்டு மாதமாகக் கோடு படுத்திருந்தால் அந்த வீட்டுக்கு இன்றே போக வேண்டும். மஞ்சளில் இருந்து மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும் குழந்தை அதைவிடத் தேவலை. புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கைச்சுற்றளவு நாடாதான் உங்கள் பையில் எப்போதும் இருக்க வேண்டிய பொருள். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைக்கு. இடது கை, முழங்கையை மடக்கி, தோள்முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியைக் குறித்து, பிறகு கையைத் தளரத் தொங்கவிட்டு நாடாவைச் சுற்றுங்கள். தோல் சுருங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள், இடைவெளி தெரியும் அளவுக்குத் தளர்த்தவும் வேண்டாம். 12.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் பச்சை. 11.5-லிருந்து 12.5-க்குள் மஞ்சள், மிதமான குறைபாடு. 11.5-க்குக் கீழே சிவப்பு, கடுமையான குறைபாடு. சூளையிலும் வயல் வரப்பிலும் தராசு இல்லாமல் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

கூடவே பாதத்தைப் பாருங்கள். இரண்டு கால் புறங்காலிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால் அது சத்துக்குறைபாட்டு வீக்கம். நாடா பச்சை காட்டினாலும் அந்தக் குழந்தை கடுமையான நிலையில் இருக்கிறது. "கொழுகொழுன்னு இருக்கானே" என்று ஏமாந்துபோவது இங்கேதான்.

4. சிவப்பு வந்தால்

நீங்களே ஊட்டித் தேற்ற முயலாதீர்கள். மிகவும் மெலிந்த உடம்பு திடீரென்று நிறைய உணவைத் தாங்காது, உயிருக்கே ஆபத்தாகலாம். நர்சம்மாவிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டுங்கள். பசி எடுத்துச் சாப்பிடுகிற, வேறு நோய் இல்லாத குழந்தையை வீட்டில் வைத்தே, மருத்துவர் சொல்லும் உணவோடு பார்க்கலாம். சாப்பிட மறுக்கிற, வீக்கம் உள்ள, காய்ச்சலோ மூச்சிரைப்போ கடும் பேதியோ உள்ள குழந்தை ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் குடிக்கவே முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை என்றால் யோசிக்காமல் 108.

6 மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு இந்த நாடா அளவு பொருந்தாது. அங்கே எடை கூடுகிறதா, வலுவாகப் பால் இழுக்கிறதா என்பதுதான் அடையாளம். 'ஊட்டச்சத்தை உறுதி செய்' என்ற மாநிலத் திட்டம் 2022-ல் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டத்தை 2024 நவம்பர் 15-ல் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். இந்த வயதில் குறைபாடுள்ள குழந்தைகளின் தாய்மாருக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் அதில் உண்டு. உங்கள் பட்டியலில் அப்படி ஒரு தாய் இருந்தால் டீச்சரிடம் பெயரைக் கொடுங்கள்.

மருத்துவமனையில் தங்கச் சொன்னால் பல தாய்மார் வேண்டாம் என்பார்கள். அலட்சியம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, ஆட்டை யார் ஓட்டுவது, கூலி போனால் வாரத் தவணை எப்படிக் கட்டுவது? இதைத் தீர்க்காமல் ஊட்டச்சத்து பற்றி எவ்வளவு பேசினாலும் அவள் காதில் ஏறாது. மாமியாரிடமும் கணவனிடமும் பேசி ஏற்பாடு செய்வது, குழுவில் சொல்லி ஒரு தவணையைத் தள்ளிப்போடுவது, இதெல்லாம் உங்கள் வேலைதான்.

ஊரில் இதற்கு 'செவ்வாப்பு', 'மாந்தம்', 'தோஷம்' என்று பெயர் சொல்லி மந்திரிக்கப் போவார்கள். அம்மா அடுத்த கர்ப்பம் ஆனதால் 'சவலை' விழுந்தது என்பார்கள். இதில் உண்மையும் இருக்கிறது, பால் மறக்கடிக்கப்பட்ட குழந்தைக்கு மாற்று உணவு போதாமல் போயிருக்கும். மந்திரிப்பதைக் கேலி செய்யாமல், "மந்திரிச்சுட்டு வாங்க பெரியம்மா, அப்படியே டாக்டர்கிட்டயும் காட்டிருவோம்" என்று கூடவே போங்கள். தழைச்சாற்றைக் குடிக்கக் கொடுத்தால், சூடு போட்டால் மட்டும் தடுத்துவிடுங்கள்.

5. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல். 6 மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், சேனை (பிறந்ததும் நாக்கில் தொட்டு வைக்கும் இனிப்பு) எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடாது. சேனை வைப்பது சடங்கு என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், பிறக்கும் முன்பே பேசி வையுங்கள், பிறந்த அன்று வாதாடிப் பயனில்லை.

6 மாதம் முடிந்ததும் திட உணவு. இங்கே நம் வீடுகளில் நடப்பது என்ன? பருப்புத் தண்ணீர், ரசம் சாதம், கஞ்சித் தெளிவு, பாலில் ஊறிய பிஸ்கட். வயிறு நிறைகிறது, சத்து இல்லை. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் உடனே வழிந்தோடாத அளவுக்கு உணவு கெட்டியாக இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை ஒவ்வொரு தாய்க்கும் கரண்டியை வைத்தே காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2–3 வேளை. ஓரிரு ஸ்பூனில் தொடங்கி 250 மி.லி. கிண்ணத்தில் பாதி வரை. 9 முதல் 11 மாதம் வரை 3–4 வேளை, அரைக் கிண்ணம் அல்லது சற்றுக் கூடுதல். ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் ஒரு கிண்ணம், 3–4 வேளை, நடுவில் ஒன்றிரண்டு தடவை ஏதாவது. தாய்ப்பால் 2 வயதுக்கு மேலும் தொடரலாம். குழந்தைக்குத் தனித் தட்டு வைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியும்.

என்ன கொடுப்பது? தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. சோற்றோடு வெந்த பருப்பும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும் சேர்த்து மசித்து, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் அல்லது நெய். இட்லியைச் சர்க்கரையில் தொடாமல் சாம்பாரில் இருக்கும் பருப்பில் பிசைந்து. கேழ்வரகுக் கூழ், கெட்டியாக. வேகவைத்த முட்டை, முழுவதும். மஞ்சள் கரு மட்டும்தான் என்று கட்டுப்பாடு தேவையில்லை. கடற்கரை ஊர் என்றால் முள் எடுத்த மீன். வேர்க்கடலை கொடுத்தால் அரைத்துத்தான். முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும்.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவு வீட்டில் என்ன ஆகிறது என்று நேராகக் கேட்டால் "குடுக்குறோமே" என்றுதான் பதில் வரும். "நேத்து காலையில எழுந்ததுல இருந்து பாப்பா என்னென்ன சாப்பிட்டா, வரிசையாச் சொல்லுங்க அக்கா" என்று கேளுங்கள். மாவு வரிசையில் வராது. மூத்த பிள்ளைகள் தின்றிருப்பார்கள், மாமனாருக்குக் கஞ்சி போயிருக்கும், சில வீடுகளில் மாட்டுக்கும் போகும். திட்ட வேண்டாம். வாசம் பிடிக்கவில்லை, கட்டி தட்டுகிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். லேசாக வறுத்துக் கொழுக்கட்டை, தேங்காய் போட்டுப் புட்டு, வெல்லப் பாகில் உருண்டை என்று செய்துகாட்டினால் குழந்தை கேட்டு வாங்கும். குழந்தையின் பங்கைத் தனி டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி வைப்பது நான் பார்த்தவரை மிகவும் பலன் தரும் தந்திரம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் (2013) 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கு இந்த வழியில் நாளுக்கு இவ்வளவு கலோரியும் புரதமும், குறைபாடுள்ள குழந்தைக்கு அதைவிடக் கூடுதலாகவும் வழங்க வேண்டும் என்கிறது. அது கிடைக்க வேண்டிய உரிமை, தானம் இல்லை என்று தாய்மாருக்கும் தெரிய வேண்டும்.

5 ரூபாய்ப் பாக்கெட் தின்பண்டம் பற்றி ஒரு வார்த்தை. அழுகிற குழந்தையை வேலைக்குப் போகும் அம்மா சமாதானப்படுத்த அதைவிட எளிய வழி ஊரில் இல்லை. "வாங்கிக் கொடுக்காதீர்கள்" என்று சொல்வதைவிட, "சாப்பாட்டுக்கு முன்னாடி வேண்டாம்" என்று சொன்னால் நடக்கும்.

பேதியானால் உணவை நிறுத்துவது நம் ஊர்ப் பழக்கம், எடை இறங்குவதும் அப்போதுதான். உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி, 14 நாள் துத்தநாக மாத்திரை, இரண்டும் துணை சுகாதார நிலையத்தில் கிடைக்கும். தாய்ப்பாலும் சாப்பாடும் தொடர வேண்டும். குணமான பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

6. பெண்கள்

குழந்தைக்குச் செய்வதெல்லாம் செய்துவிட்டு அம்மாவை மறந்துவிடுகிறோம். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மீந்ததைச் சாப்பிடுகிறவள் அவள். குழம்பில் காய் தீர்ந்திருக்கும், முட்டை வரவே வராது. "நல்லா சாப்பிடுங்க" என்று அவளிடம் சொல்வதில் அர்த்தமில்லை, மாமியாரும் கணவனும் இருக்கும்போது சொல்ல வேண்டும். "அம்மா, பேரப்பிள்ளை நல்ல எடையோட பொறக்கணும்னா மருமகளுக்கு முதல்ல தட்டு போட்டுருங்க" என்றால் பெரும்பாலான மாமியார்கள் கேட்கிறார்கள்.

நிறைய சாப்பிட்டால் பிள்ளை பெரிதாகிப் பிரசவம் சிரமம் என்ற பயம் இன்னும் இருக்கிறது. பப்பாளி, எள் கூடாது என்பார்கள். நன்றாகப் பழுத்த பப்பாளியால் கெடுதல் இல்லை என்று சொல்லலாம். ஆனால் அதற்காகச் சண்டை போட வேண்டாம், கொய்யாவும் நெல்லிக்காயும் இருக்கின்றன. பிரசவம் ஆனதும் பத்தியம் என்ற பெயரில் பருப்பு, கீரை, பழம் எல்லாவற்றையும் வாரக்கணக்கில் நிறுத்துவதுதான் உண்மையில் கெடுதல். பூண்டுக் குழம்பு இருக்கட்டும், கூடவே முட்டையும் கீரையும் இருக்கட்டும்.

ரத்தப் பரிசோதனையில் கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் மருத்துவமனை. கர்ப்பத்தின் 4-ஆம் மாதத்திலிருந்து தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு இன்னும் 180 நாள். மாத்திரை எல்லார் வீட்டிலும் இருக்கும், அலமாரியில். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுப்பாகப் போகிறது என்ற பயம். கறுப்பாகப் போவது இயல்பு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். டீ, காபியோடும், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். அடுத்த முறை போகும்போது காலி அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் வரை கிடைக்கும்; 14,000 பணமாகத் தவணைகளில், மீதி 4,000 மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். முதல் 12 வாரத்துக்குள் பதிவு செய்வது முக்கியம். வங்கிக் கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில் இருக்கிறதா, ஆதாரில் பெயர் எழுத்து ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். பணம் நின்றுபோவது அநேகமாக இந்த இடத்தில்தான்.

வயசுக்கு வந்த பெண்களுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை பள்ளியிலும், படிப்பை நிறுத்தியவர்களுக்கு அங்கன்வாடியிலும் உண்டு. பள்ளிக்குப் போகாத பெண்ணைத்தான் தேடிக் கொடுக்க வேண்டும்.

7. சமையல் காட்டுவது, தோட்டம், ரேஷன்

சமையல் செய்துகாட்டுவதை மேடை நிகழ்ச்சி ஆக்காதீர்கள். நூறு வகைப் பலகாரம் அடுக்கிப் படம் எடுத்துக் கலைகிற கண்காட்சியால் யார் வீட்டு அடுப்பும் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில், அந்த வீட்டுச் சட்டியிலேயே, அன்று அங்கே இருக்கும் பொருளை வைத்து, ஐந்தாறு தாய்மார் முன்னால் செய்யுங்கள். குழந்தைகள் அங்கேயே சாப்பிடட்டும்.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அட்டை இல்லாத, பெயர் சேர்க்காத குடும்பங்களைக் குறித்துக்கொண்டு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். இடமிருக்கும் வீட்டில் முருங்கை, அகத்தி, தவசிக்கீரை, ஒரு பப்பாளி. குளிக்கிற தண்ணீர் போகும் வழியில் வைத்தால் தனியாக ஊற்ற வேண்டாம். ஆடு கடிக்காமல் வேலி கட்டுவதுதான் பெரிய வேலை.

8. மாதத்தை எப்படி ஓட்டுவது

எடை எடுக்கும் நாளில் மையத்தில் இருங்கள். மறுநாள் வராத குழந்தைகளின் வீட்டுக்குப் போங்கள். பெரும்பாலும் வராத குழந்தைதான் மெலிந்த குழந்தை. அந்த வாரத்துக்குள் கோடு படுத்த குழந்தைகள் வீட்டுக்கு ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. கிராம சுகாதார ஊட்டச்சத்து நாளில் நர்சம்மா வரும்போது தடுப்பூசி, வைட்டமின் ஏ சொட்டு விட்டுப்போனவர்களைக் கூட்டி வாருங்கள். பூச்சி மாத்திரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும்.

ஒரு வீட்டில் ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். இந்தத் தடவை "ஒரு ஸ்பூன் எண்ணெய் சேருங்கள்", அடுத்த தடவை "முட்டை". பத்து அறிவுரை சொன்னால் பத்தும் போய்விடும்.

குழந்தைகளின் படத்தை வாட்ஸப் நிலையிலும் முகநூலிலும் போடாதீர்கள், மெலிந்த குழந்தையின் படத்தை எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள். பால் பவுடர், புட்டிப்பால் நன்கொடையாக வந்தால் வாங்கிக் கைக்குழந்தை வீடுகளில் கொடுத்துவிடாதீர்கள். தாய்ப்பால் நின்றுபோக அதுவே காரணமாகும். நன்கொடை கொடுக்க ஆசைப்படுகிறவர்களிடம் தராசு, நீளம் பார்க்கும் பலகை, மையத்துக்குத் தண்ணீர்த் தொட்டி, முட்டை வேகவைக்கப் பெரிய பாத்திரம் என்று கேளுங்கள்.

சிவப்பிலிருந்து மீண்ட குழந்தையைப் பச்சை வந்ததும் விட்டுவிட வேண்டாம், குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து பாருங்கள். மழைக்காலப் பேதி ஒன்று போதும், மறுபடி இறங்கிவிடும். நீங்கள் ஊரை விட்டுப் போவதாக இருந்தால் நோட்டை டீச்சரிடம் கொடுத்து, எந்த வீட்டில் எது பாக்கி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098. இந்த மூன்று எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.